பெட்ரோல் விலை ஏறியது. வீட்டு வண்டி மாறியது!

வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

1973-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி. டெல்லி பாராளுமன்றத்துக்கு அன்று ஒரு மாட்டு வண்டி வந்தது!

வண்டியில் வந்தவர் சாதாரண ஆள் அல்ல. ஜனசங்கத் தலைவர்களில் ஒருவரான வாஜ்பாய்! பின்னாளில் பிரதமர் ஆனாரே, அவரேதான். பெட்ரோல், மண்ணெண்ணெய் விலை உயர்வைக் கண்டித்து அவர் மாட்டு வண்டியில் வந்தார்.

அந்த விலை உயர்வுக்குக் காரணம் வெகு தூரத்தில் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் எடுப்பதைக் குறைத்தன. விலையை ஏற்றின. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் என்பது 159 லிட்டர். அதன் விலை சுமார் 3 டாலராக இருந்தது. சில மாதங்களில் 12 டாலரை நெருங்கிவிட்டது. நாலு மடங்கு! அந்தச் சுமை இந்தியாவின் தலையிலும் இறங்கியது.

அப்புறம் என்ன நடந்தது? காரை விற்றுவிட்டு ஜனங்கள் மாட்டு வண்டி வாங்கினார்களா? இல்லை. ஸ்கூட்டரைப் பரணில் ஏற்றிவிட்டு நடந்து போனார்களா? அதுவும் இல்லை.

பெட்ரோல் என்ன விலை விற்றாலும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடத்தான் வேண்டும். காய்கறி மூட்டையைச் சந்தையில் சேர்க்கத்தான் வேண்டும். ஆகவே, விலை ஏறியதும் யாரும் வண்டியை நிறுத்திவிடுவதில்லை. மற்ற செலவைக் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால், அடுத்த வண்டி வாங்கும் நாள் வரும்போது வேறு வண்டியாக வாங்குகிறார்கள்!

இந்த 50 ஆண்டுகளில் நம் நாட்டில் இது பல தடவை நடந்திருக்கிறது. சிலர் நன்றாகக் கணக்குப் போட்டு மிச்சம் பிடித்தார்கள். சிலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஏன் என்றால், விலைக்குப் பயந்து வாங்கும் வண்டி பத்து வருஷம் வீட்டில் நிற்கும். விலையோ பத்து வருஷம் ஒரே இடத்தில் நிற்காது!

"நூறு ரூபாய்க்குப் போடுப்பா!"

பெட்ரோல் பங்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "ஒரு லிட்டர் போடு" என்று கேட்பவர்கள் குறைவு. "நூறு ரூபாய்க்குப் போடு", "இருநூறுக்குப் போடு" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது விலை ஏறியது உடனே கண்ணில் படாது. கொடுப்பது அதே நூறு ரூபாய்தானே!

ஆனால் வண்டி ஓடும் தூரத்தில் அது தெரிந்துவிடும். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் 70 ரூபாய் விற்றபோது நூறு ரூபாய்க்கு 71 கிலோ மீட்டர் ஓடியது. பெட்ரோல் 100 ரூபாய் ஆனதும் அதே நூறு ரூபாய்க்கு 50 கிலோ மீட்டர்தான்! 21 கிலோ மீட்டர் எங்கோ காணாமல் போய்விட்டது. சனிக்கிழமை பங்குக்கு வர வேண்டியவர் வியாழக்கிழமையே வந்து நிற்கிறார்.

2021-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டு மாதம் தமிழக அரசு தன் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. நூறுக்குக் கீழே வந்தது. அக்டோபரில் மறுபடியும் நூறைத் தாண்டிவிட்டது!

விலை மாற்றும் முறையே ஜனங்களின் பழக்கத்தை மாற்றியதும் உண்டு. முன்பு எண்ணெய்க் கம்பெனிகள் மாதம் இரண்டு தடவை, 1-ந்தேதியும் 16-ந்தேதியும் விலையை மாற்றின. "நள்ளிரவு முதல் விலை உயர்வு" என்று செய்தி வந்ததும் பங்க் வாசலில் கூட்டம் கூடிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கூடப் பாதியில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். லிட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றாலும் லாபம்தானே!

2017-ம் ஆண்டு மே 1-ந்தேதி, தினம் தினம் விலை மாற்றும் முறையை 5 ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று புதுச்சேரி. ஜூன் 16-ந்தேதி அந்த முறை நாடு முழுவதும் வந்தது. ஒரு நாள் 20 காசு, மறுநாள் 30 காசு என்று விலை நகர்ந்தது. நள்ளிரவுக் கூட்டம் மறைந்தது. ஒரே நாளில் 3 ரூபாய் ஏறினால் ஊரே கூச்சல் போடும். தினம் 30 காசு ஏறினால் பத்து நாளில் அதே 3 ரூபாய். ஆனால் கூச்சல் இல்லை!

80 கிலோ மீட்டர் ஓடும் வண்டி!

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் கனமாக இருக்க வேண்டும். சத்தம் ஊரைக் கூட்ட வேண்டும். புல்லட், எஸ்டி, ராஜ்தூத் ஆகியவைதான் ரோட்டில் ராஜாக்கள். அவை பெட்ரோலையும் ராஜா மாதிரியே குடித்தன!

பணக் கஷ்டம் உள்ளவர்களுக்குச் சின்ன வண்டி தேவைப்பட்டது. 1972-ல் லூனா மொபெட் வந்தது. 1980-ல் நம் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட்! பால்காரரும், கீரைக்காரரும், பள்ளிக்கூட வாத்தியாரும் அதில் ஏறினார்கள். சைக்கிள் போல இலேசு. பெட்ரோலும் கொஞ்சம் போதும்.

அதற்கப்புறம்தான் பெரிய மாறுதல் வந்தது. 1984-ல் ஓசூரில் ஜப்பான் நாட்டுச் சுசூகி கம்பெனியின் கூட்டோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிள் தயாரானது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. "பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு" என்பதுதான் அதன் விளம்பரம்! லிட்டருக்கு 80 கிலோ மீட்டர் என்றார்கள். அதுவரை அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை.

அந்தக் காலத்து ஸ்கூட்டர்களிலும் பல மோட்டார் சைக்கிள்களிலும் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். எரியாத பெட்ரோலில் கொஞ்சம் புகையோடு புகையாக வெளியே போய்விடும். ஹீரோ ஹோண்டாவின் என்ஜின் வேறு வகை. பெட்ரோலோடு ஆயில் கலக்கத் தேவை இல்லை. ஊற்றிய பெட்ரோல் அநேகமாக முழுவதும் எரிந்து வேலை செய்தது.

சத்தம் போட்ட ராஜாக்கள் ஓரம் கட்டப்பட்டார்கள். சத்தம் இல்லாத சின்ன வண்டி சிம்மாசனம் ஏறியது. 2001-ல் ஹீரோ ஹோண்டா உலகிலேயே அதிக இரு சக்கர வண்டிகளைத் தயாரிக்கும் கம்பெனி ஆயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்று கேட்பது போல, வண்டியைப் பார்த்ததும் "எத்தனை கொடுக்குது?" என்று கேட்பது நம் நாட்டுப் பழக்கம் ஆனது.

இந்தத் தடவை கணக்கு தப்பவில்லை. ஏன்? சிக்கனமாக ஓடும் வண்டி, விலை ஏறினாலும் சிக்கனம், இறங்கினாலும் சிக்கனம். எந்த விலையிலும் அது கை கொடுக்கும்.

டீசலைத் தேடி ஓடினார்கள்

கார் வாங்கியவர்கள் கதை வேறு.

டீசல், ஏழைக்கு உதவும் எண்ணெய் என்று அரசாங்கம் நினைத்தது. லாரி ஓடுவது டீசலில். பஸ் ஓடுவது டீசலில். உழவனின் டிராக்டரும், தண்ணீர் இறைக்கும் என்ஜினும் டீசலில்தான் ஓடுகின்றன. டீசல் விலை ஏறினால் நாமக்கல் லாரிக்காரர் வாடகையை ஏற்றுவார். வாடகை ஏறினால் தக்காளி விலை ஏறும். கார் இல்லாத வீட்டிலும் குழம்பு வைக்கும்போது டீசல் விலை தெரியும்! ஆகவே அரசாங்கம் டீசல் விலையை அடக்கியே வைத்திருந்தது.

2010-ம் ஆண்டு ஜூன் மாதம், பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது. டீசலை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே போனது. டீசல் அந்த அளவுக்கு ஏறவில்லை.

2012-ம் ஆண்டு மே மாதம் ஒரே அடியாகப் பெட்ரோல் விலை உயர்ந்தபோது, டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய். டீசல் சுமார் 41 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 32 ரூபாய்!

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? டீசல் காரைத் தேடி ஓடினார்கள். 2012-13-ல் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார்கள்! முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பெட்ரோல் கார்கள் கடையில் தூங்கின. மாருதி கம்பெனியிடம் போதுமான டீசல் என்ஜின் இல்லை. 2012 ஜனவரியில் அது பியட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டீசல் என்ஜின் வாங்க ஏற்பாடு!

லாரிக்கும் டிராக்டருக்கும் என்று குறைத்து விற்ற டீசலைக் கார்கள் குடித்தன. "இது நியாயமா?" என்ற கேள்வி எழுந்தது. டீசல் கார்களுக்குத் தனியாக வரி போடலாம் என்று கிரித் பாரிக் தலைமையில் அமைந்த குழு 2010-லேயே யோசனை சொல்லியிருந்தது.

வித்தியாசம் கரைந்தது!

அரசாங்கத்தால் எத்தனை நாளைக்கு நஷ்டம் தாங்க முடியும்? 2013 ஜனவரி முதல் டீசல் விலையை மாதம் சுமார் 50 காசு வீதம் ஏற்றத் தொடங்கினார்கள். அரை ரூபாய்தானே என்று கார்க்காரர்கள் கவலைப்படவில்லை. ஆனால் சொட்டுச் சொட்டாக விழுந்தாலும் குடம் நிரம்பிவிடும் அல்லவா? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போயிற்று.

அதே சமயத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ஆனால் 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை மத்திய அரசு எக்சைஸ் வரியை 9 தடவை உயர்த்தியது. ஆகவே அந்தச் சரிவு முழுவதும் ஜனங்களுக்கு வந்து சேரவில்லை. பெட்ரோலும் டீசலும் ஒன்றை ஒன்று நெருங்கின.

2020-ம் ஆண்டு ஜூன் 24-ந்தேதி அதிசயம் ஒன்று நடந்தது. டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் 79 ரூபாய் 88 காசு. தம்பி அண்ணனை முந்திவிட்டான்! டெல்லி அரசு டீசல் மீது விற்பனை வரியைக் கூட்டியதும் இதற்கு ஒரு காரணம். ஜூலை 30-ந்தேதி அந்த வரியைக் குறைத்த பிறகுதான் டீசல் மறுபடி பெட்ரோலுக்குக் கீழே இறங்கியது.

அந்த ஆண்டு இன்னொரு அடியும் விழுந்தது. ஏப்ரல் 1-ந்தேதி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்கு அதிகச் செலவு ஆகும். "இனி டீசல் கார் செய்வதில்லை" என்று மாருதி கம்பெனி முந்தின ஆண்டே அறிவித்துவிட்டது. 2020-21-ல் விற்ற கார்களில் ஐந்தில் ஒரு பங்குகூட டீசல் இல்லை!

டெல்லி வட்டாரத்தில் கார் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். 10 வருஷத்துக்கு மேல் ஆன டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம். டீசல் வண்டிக்குப் பத்தே வருஷம்! பிறகு 2025-ல் அந்த உத்தரவில் தளர்வு வந்தது. அதற்குள் பலர் நல்ல காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?

டீசல் கார் வாங்கிய எல்லாருக்குமா நஷ்டம்? இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடுகிறது. டீசல் கார் 20 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் காரின் விலை ஒரு லட்சம் ரூபாய் அதிகம்.

2012-ம் ஆண்டு விலைப்படி, ஒரு கிலோ மீட்டர் ஓடப் பெட்ரோல் செலவு 4 ரூபாய் 87 காசு. டீசல் செலவு 2 ரூபாய் 5 காசு. கிலோ மீட்டருக்கு 2 ரூபாய் 82 காசு மிச்சம். அதிகமாகக் கொடுத்த ஒரு லட்சத்தை மீட்க வேண்டுமானால், சுமார் 35,500 கிலோ மீட்டர் ஓட்ட வேண்டும்.

வாடகைக் கார் ஓட்டும் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 1,500 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். இரண்டே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் லாபம்.

ராமசாமி ஆபீசுக்குப் பஸ்சில் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும், எப்போதாவது கலியாணத்துக்கும் காரை எடுக்கிறார். மாதம் 300 கிலோ மீட்டர் ஓடினால் அதிகம். அவர் போட்ட பணம் திரும்பிவரக் கிட்டத்தட்ட 10 வருஷம் ஆகும்! அதுவும் விலை வித்தியாசம் அப்படியே இருந்தால்தான்.

அப்படியே இருந்ததா? இல்லையே! 2020-ல் டெல்லியில் இரண்டும் 80 ரூபாய் ஆனபோது கிலோ மீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 33 காசுதான். அந்த விலையில் ஒரு லட்சத்தை மீட்க 75,000 கிலோ மீட்டர் ஓட்ட வேண்டும். முருகனுக்கு 4 வருஷம் ஆகும். ராமசாமிக்கு? 20 வருஷத்துக்கு மேல்! அதற்குள் காரும் பழசாகிவிடும், ராமசாமிக்கும் வயதாகிவிடும்.

இரண்டு பேரும் ஒரே காரைத்தான் வாங்கினார்கள். ஒருவருக்கு லாபம்; ஒருவருக்கு நஷ்டம். வித்தியாசம் காரில் இல்லை. ஓடிய தூரத்தில் இருக்கிறது! ராமசாமி பங்கில் எழுதியிருந்த விலையைப் பார்த்தார். தன் வண்டி எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்று பார்க்கவில்லை.

உயிரோடு விளையாடாதீர்கள்!

மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து, வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை வேனுக்குள் வைத்துக் குழாய் மாட்டி ஓட்டினார்கள்! அடுப்பங்கரையில் நிற்க வேண்டிய சிலிண்டர் அது. மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கி ஓடுவதற்காகச் செய்தது அல்ல. குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும் மூடிய வேனுக்குள் கேஸ் நிரம்பிவிடும். பிறகு ஒரு பொறி போதும். உள்ளே இருப்பவர்கள் பிள்ளை குட்டிகள்!

வண்டிகளில் கேஸ் பயன்படுத்த 2000-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கென்று தனி டாங்கி, தனி வால்வு உண்டு. அனுமதி பெற்றவர்கள்தான் மாட்ட வேண்டும். மாட்டியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டும். சமையல் சிலிண்டரை வண்டியில் மாட்டுவது குற்றம். பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு உயிருக்கு ஈடாகுமா?

மின்சார ஸ்கூட்டர்

பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய 2021-ல் அடுத்த ஓட்டம் தொடங்கியது. இந்தத் தடவை ஓடியது மின்சார ஸ்கூட்டரை நோக்கி. 2021-22-ல் நாடு முழுவதும் சுமார் இரண்டரை லட்சம் மின்சார இரு சக்கர வண்டிகள் பதிவாயின. மறு வருஷம் 7 லட்சத்துக்கு மேல்! ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஓசூரும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியும் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஊர்கள் ஆயின.

பெட்ரோல் விலை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. 2021 ஜூனில் மத்திய அரசு மானியத்தைக் கூட்டியது. வண்டி விலை இறங்கியது. 2023 ஜூன் 1-ந்தேதி மானியத்தைக் குறைத்தது. வண்டி விலை ஏறியது! டீசல் கதைதான் இது. அரசாங்கம் கொடுக்கும் சலுகை, அரசாங்கம் நினைத்தால் போய்விடும்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா, கூடாதா? அதே கணக்கைப் போட்டால் விடை வரும். 3 யூனிட் மின்சாரத்தில் வண்டி 100 கிலோ மீட்டர் ஓடுகிறது என்றும், யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மீட்டருக்கு 24 காசுதான் செலவு. லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், 2 ரூபாய் 22 காசு ஆகும். கிலோ மீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் மிச்சம்.

மின்சார ஸ்கூட்டரின் விலை 30,000 ரூபாய் அதிகம் என்றால், அதை மீட்க 15,000 கிலோ மீட்டர் ஓட வேண்டும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் தினம் 100 கிலோ மீட்டர் ஓட்டினால் 5 மாதத்தில் மீட்டுவிடுவான். தினம் 10 கிலோ மீட்டர் ஓட்டும் டீச்சருக்கு 4 வருஷம் ஆகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பேட்டரிக்கு ஆயுள் உண்டு. அது போனால் மாற்றப் பெரும் பணம் வேண்டும். எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாடி வீட்டில் குடியிருப்பவர், சார்ஜ் செய்ய எங்கே இடம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓட்டும் கையிலும் இருக்கிறது மிச்சம்

புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. இருக்கிற வண்டியிலேயே மிச்சம் பிடிக்க வழி உண்டு.

வேகம்: வேகம் இரண்டு மடங்கு ஆனால், எதிர்க்கும் காற்றின் பலம் நாலு மடங்கு ஆகும். அதைத் தள்ளிக்கொண்டு போவது பெட்ரோல்தான். மணிக்கு 45 முதல் 55 கிலோ மீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்படி, 1978-ல் தொடங்கிய பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் யோசனை சொல்கிறது. பெட்ரோலும் மிச்சம், உயிரும் பத்திரம்.

டயர்: காற்று குறைந்த டயர் சேற்றில் நடப்பது போல இழுக்கும். வாரம் ஒரு தடவை காற்றைப் பாருங்கள். பெட்ரோல் பங்குகளில் காற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது விதி.

சிக்னல்: சிவப்பு விளக்கில் அதிக நேரம் நிற்க வேண்டியிருந்தால் என்ஜினை நிறுத்துங்கள். நிற்கிற வண்டி லிட்டருக்குக் கொடுப்பது பூஜ்யம் கிலோ மீட்டர்!

கிளட்ச், பிரேக்: கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டுவதும், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவதும் பெட்ரோலுக்குச் சத்துரு.

தூரம்: காலையில் காய்கறிக்கு ஒரு தடவை, அப்புறம் மருந்துக்கு ஒரு தடவை, சாயங்காலம் தயிருக்கு ஒரு தடவை என்று போகாமல், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கலாம். தெருக்கோடிக் கடைக்கு நடந்தே போகலாம்.

மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடி ஓடுவதிலும் கணக்கு வேண்டும். புதுச்சேரியில் வரி குறைவு. அந்த வழியாகப் போகிறவர் அங்கே டாங்கியை நிரப்பிக்கொண்டால் லாபம்தான். ஆனால் அதற்கென்றே போனால்? லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்று வைத்தால், 5 லிட்டருக்கு 25 ரூபாய் மிச்சம். போக வர 20 கிலோ மீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் வண்டிக்கும் 40 ரூபாய் செலவு!

ஒரு நோட்டு போதும்

வண்டி வாங்கப் போகும் குடும்பம் முதலில் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இப்போது வண்டி இருந்தால், மாதம் முதல் தேதி மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். மாதக் கடைசியில் மறுபடி எழுதுங்கள். வண்டி இல்லாவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் தினம் எங்கெங்கே போகிறார்கள், எத்தனை கிலோ மீட்டர் என்று கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் எழுதினால் உண்மை தெரிந்துவிடும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதனிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம்.

அதிக தூரம் ஓட்டுகிறவர், விலை கூடுதலாக இருந்தாலும் ஓட்டச் செலவு குறைந்த வண்டியை வாங்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டுகிறவர், வாங்கும் விலை குறைந்த வண்டியை வாங்குவதே புத்திசாலித்தனம். கடன் வாங்கி வாங்குவதானால் வட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலை வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் தாங்குமா என்றும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் கணக்கு சரியாக வந்தால் தைரியமாக வாங்கலாம்.

கச்சா எண்ணெய் விலையை வெளிநாட்டார் முடிவு செய்கிறார்கள். வரியை அரசாங்கம் முடிவு செய்கிறது. இரண்டும் நம் கையில் இல்லை. நம் வண்டி எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்பது நமக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டவரை எந்த விலையும் ஏமாற்ற முடியாது!